வெளியேறியவர் திரும்பலாகாதா?

கால்பந்தில் ஆட்டக்காரரை மாற்றும் முறை பற்றி இலக்கிய வாசகர்கள் கூடும் இடத்தில் ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். விதிநூலும் ஒரு நூல்தான். அதன் ஒரு சொற்றொடர் மனிதர்களின் தலையைப் பணயம் வைக்குமானால், அதை ஊன்றி வாசிப்பது வாசகர்களின் கடமையே.

கால்பந்தின் மூன்றாம் விதி மாற்றத்துக்குத் தெளிவான முறையை வகுத்திருக்கிறது. முதலில் நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆட்டம் நின்றிருக்க வேண்டும். வெளியேறுபவர் தமக்கு மிக அருகிலுள்ள எல்லைக்கோட்டைக் கடந்து செல்ல வேண்டும்; நடுக்கோடு வரை அசைந்து நடந்து நேரத்தைக் கரைத்த வழக்கத்துக்கு முடிவுகட்ட 2019இல் வந்த திருத்தம் இது. அவர் வெளியேறி, நடுவரும் சைகை காட்டிய பின்னரே புதியவர் நடுக்கோட்டருகே நுழையலாம். அவர் களத்தில் கால் வைத்ததும் மாற்றம் நிறைவுறுகிறது. வெளியேறியவர் அந்த ஆட்டத்தில் மீண்டும் பங்குபெற முடியாது.

நன்னூலார் சொல்லும் விகாரங்களை வைத்துச் சொன்னால், இங்கே கெடுதல் முந்தியது, தோன்றல் பிந்தியது. வரிசை குலைந்தால் என்னவாகும் என்பதை 2022 ஏப்ரல் 2 அன்று ஃபிரைபர்க் நகரம் கண்டது. பேயர்ன் மியூனிக் அணி இருவரை மாற்ற முனைந்தபோது, பலகையில் கிங்ஸ்லி கோமானின் பழைய எண்ணான 29 காட்டப்பட்டது. அவர் அணிந்திருந்ததோ 11. தம்மைத்தான் அழைக்கிறார்கள் என்று அறியாமல் அவர் களத்திலேயே நின்றார்; புதியவர்கள் இருவரும் நுழைந்துவிட்டனர். சில நொடிகள் பன்னிருவர் ஆடினர். ஃபிரைபர்க் அணியின் முறையீட்டை ஜெர்மன் கால்பந்துச் சங்கத்தின் விளையாட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 'சில நொடிகள்தானே' என்று சிரித்தவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எண்ணிக்கையைக் காக்காத ஆட்டம் ஆட்டமே அன்று. ஆகவே முறைமைக்கு நான் எதிரி அல்லேன். என் வழக்கு அதன் கடைசிச் சொற்றொடரோடு மட்டுமே.

1956ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் மான்செஸ்டர் சிட்டி கோல்காப்பாளர் பெர்ட் டிரவுட்மன் கழுத்தெலும்பு முறிந்த நிலையில் ஆட்டத்தை முடித்தார். அன்று மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே இல்லை. இன்றும் அதை வீரம் என்று பாடுகிறோம். விதியின் வறுமை என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. உலகக் கோப்பையில் மாற்று ஆட்டக்காரர்கள் அனுமதிக்கப்பட்டது 1970இல்தான்.

2014 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் கதவு இருந்தது. ஆயினும் தலையில் அடிபட்ட ஜெர்மனியின் கிறிஸ்டோப் கிராமர் தொடர்ந்து ஆடினார். 'இது இறுதியாட்டமா?' என்று நடுவர் நிக்கோலா ரிஸோலியிடம் அவர் கேட்ட பிறகே நிலைமை புரிந்தது. 31ஆம் நிமிடத்தில் அவர் வெளியேற்றப்பட்டார். ஏன் இத்தனை தாமதம்? அந்தக் கதவு ஒருவழிக் கதவு. வெளியே அழைத்துச் சோதித்தால், சோதனை முடியும்வரை அணி பத்துப் பேரோடு ஆட வேண்டும்; மாற்றினால், ஒன்றுமில்லை என்று தெரிந்தாலும் திரும்பி வர இயலாது. பல்லாயிரவர் கூச்சலிடும் மைதானத்தில் மண்டியிட்டபடி ஒரு மருத்துவர் முடிவெடுக்க வேண்டிய நிலை இதுதான்.

மூளையதிர்ச்சிக்கென்று கூடுதலாக ஒரு நிரந்தர மாற்றுக்கான சோதனை 2021இல் தொடங்கியது. 2024இல் அது விதியில் இடம்பெற்றது. நல்லதே. ஆனால் அதுவும் ஒருவழிக் கதவுதான். தற்காலிக மாற்றைச் சோதித்துப் பார்க்க இங்கிலாந்து, பிரான்ஸ், அமெரிக்க லீகுகள் அனுமதி கேட்டன. விதிகளை வகுக்கும் வாரியம் 2023 ஜனவரியில் மறுத்தது.

மறுப்பவர்களின் முதல் வாதம், அணிகள் இதைத் தந்திரமாகப் பயன்படுத்தும் என்பது. மேல்மட்ட ரக்பியில் தலையில் அடிபட்டவரை வெளியே அழைத்துச் சோதிக்கிறார்கள். அதுவரை வேறொருவர் ஆடுகிறார். அந்த ஆட்டம் அழிந்துவிட்டதா? கால்பந்திலேயே சிறார், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆட்டங்களிலும் அடித்தட்டு ஆட்டங்களிலும் வெளியேறியவர் திரும்பி வர விதி இடம் தருகிறது. அப்படியானால் 'திரும்பலாகாது' என்பது ஆட்டத்தின் உயிர்நாடி அன்று, வசதிக்கான ஏற்பாடு.

இரண்டாவது வாதம் வலுவானது: அறிகுறிகள் தாமதித்தும் தோன்றலாம், எனவே ஐயமிருந்தால் வெளியேற்றிவிடுவதே பாதுகாப்பு. கொள்கையளவில் சரி. ஆனால் ஐயத்தை அளப்பதற்கே நேரம் தராத ஏற்பாட்டில் ஐயம் யாருக்கு வரும்? அமைதியான அறையில் செய்யும் சோதனை சிலரைத் தவறவிடலாம் என்றால், புல்தரையில் அவசரமாகச் செய்யும் சோதனை இன்னும் பலரைத் தவறவிடும் அல்லவா?

நடுவரின் அனுமதி, நடுக்கோடு, ஒருவர் போனபின் ஒருவர் என்ற காவல்களெல்லாம் அப்படியே இருக்கட்டும். தலையில் அடிபட்டவருக்கு மட்டும், மருத்துவர் சோதித்து முடிக்கும்வரை தற்காலிக மாற்று உண்டு என்று ஒரே ஒரு வரியைச் சேர்த்தால் போதும். பன்னிரண்டாமவர் நுழையாதபடி நொடிக்கணக்கில் காவல் காக்கும் விதி, பதினொருவரில் ஒருவர் நினைவு தடுமாறி நிற்பதைச் சோதிக்கச் சில நிமிடங்களை ஒதுக்க மறுப்பது நியாயமன்று.