முதல் நாளே சொல்லிக் கொடுங்கள்!

எங்கள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் விடியற்காலையில் வந்து பாருங்கள். கம்பெனி பஸ்சுக்காகக் கும்பல் கும்பலாகப் பெண் பிள்ளைகள் நிற்பார்கள். விழுப்புரம், திருவண்ணாமலை, திண்டுக்கல் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். வேலைக்குச் சேர்ந்ததும் மெஷினை எப்படி இயக்குவது என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். உடம்புக்கு ஏதாவது வந்தால் எங்கே போவது, யாரைக் கேட்பது என்பதை மட்டும் விளங்கும்படி யாரும் சொல்வதில்லை. இதுதான் என் ஆதங்கம்.

எங்கள் தெருவில் பல வீடுகளில் மாடி போர்ஷனை இந்தப் பெண்களுக்குத்தான் வாடகைக்கு விட்டிருக்கிறோம். போன வருஷம் எங்கள் வீட்டில் இருந்த ஒரு பெண், "அக்கா, வட்டிக்கு நாப்பதாயிரம் யாராச்சும் தருவாங்களா?" என்று கேட்டாள். ஊரில் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷனாம். சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். "ஈ.எஸ்.ஐ.ன்னு மாசா மாசம் பிடிக்கிறாங்களே, எதுக்குன்னு தெரியுமா?" என்றேன். "ஏதோ வரின்னு நினைச்சேங்க்கா" என்றாள். அம்மா பெயரைச் சேர்த்து, ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன் முடிந்தது. கடன் வாங்க வேண்டிய அவசியமே வரவில்லை.

தெரியாத சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். ஈ.எஸ்.ஐ. சம்பள வரம்பு 2017 ஜனவரியில் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2019 ஜூலை முதல் நூறு ரூபாய் சம்பளத்துக்குத் தொழிலாளியிடம் 75 காசு பிடிக்கிறார்கள். முதலாளி 3 ரூபாய் 25 காசு கட்டுகிறார். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இது உண்டு. கணவன், பிள்ளைகள் மட்டுமல்ல, நம்மை நம்பியிருக்கும் தாய் தகப்பனுக்கும் வைத்தியம் உண்டு. குறிப்பிட்ட நாட்கள் சந்தா கட்டியிருந்தால், நோயில் படுத்தாலும் 70 சதவீதச் சம்பளம் வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம். இத்தனையும் நம் உழைப்பில் பிடித்த காசு. இனாம் இல்லை!

விவரம் சொல்ல ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2021 டிசம்பரில் இந்த ஊரே பார்த்தது. ஃபாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். கூட இருந்தவர்கள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று தெளிவாகத் தெரியாததால் வதந்தி பரவி, பெண்கள் பெங்களூர் நெடுஞ்சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். தொழிற்சாலையை மூடி, 2022 ஜனவரி 12-ல்தான் திறந்தார்கள். பிறகு 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் பெரிய விடுதி திறக்கப்பட்டது. நல்ல கட்டடம் வந்தது சந்தோஷம். ஆனால் விவரம் சொல்லும் மனுஷி வேண்டாமா?

"ஈ.எஸ்.ஐ. போனா ஒரு நாள் சம்பளம் போச்சு, மெடிக்கல் ஷாப் மாத்திரையே தேவலை" என்று இந்தப் பெண்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வரிசை நீளம்தான். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்காகச் சாயந்திரமும் டாக்டர் இருக்க வேண்டும். டாக்டரைப் பார்க்கப் போகிறவளுக்குக் கம்பெனி அரை நாள் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது. இதை நாம் கேட்கத்தான் வேண்டும். அதற்காக, மாதக்கணக்கில் வயிற்று வலியை மாத்திரையில் அமுக்குவது சரியாகுமா?

என் யோசனை இதுதான். வேலைக்குச் சேரும் முதல் நாளே தமிழில் ஒரு தாள் கொடுக்கட்டும். வட மாநிலப் பெண்களுக்கு அவரவர் பாஷையில் கொடுக்கட்டும். இன்சூரன்ஸ் நம்பர், பக்கத்து ஈ.எஸ்.ஐ. மருந்தகம், ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாம் அதில் இருக்கட்டும்.

வீட்டை வாடகைக்கு விடும் நமக்கும் பொறுப்பு உண்டு. மாடிப்படிச் சுவரில் இந்த எண்களை எழுதி ஒட்டுங்கள்: அவசரத்துக்கு 108, உடம்பு பற்றிய சந்தேகத்துக்கு 104, பெண்களுக்கு ஆபத்து என்றால் 181, குழந்தைகளுக்கு 1098, மனசு தாங்காமல் தவித்தால் 14416. கர்ப்பமாக இருக்கும் பெண்ணைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கூட்டிப் போய்ப் பதிவு செய்ய வையுங்கள். அங்கன்வாடியையும் காட்டிக் கொடுங்கள். அவள் வயசான தாய் தகப்பனுக்குச் சர்க்கரை, பிரஷர் இருந்தால், 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் மாத்திரை வீட்டுக்கே வரும் என்று சொல்லுங்கள்.

ஊரை விட்டு வந்த பெண்ணுக்கு இங்கே அம்மாவும் இல்லை, அத்தையும் இல்லை. வாடகை வாங்கும் நாம் இரண்டு வார்த்தை விவரமும் சொன்னால் என்ன குறைந்துவிடப் போகிறது? யோசியுங்கள் சகோதரிகளே!

- ஓர் இல்லத்தரசி, ஸ்ரீபெரும்புதூர்.