முப்புரி நூல் எங்கே இருக்கிறது?

மார்கழி பிறந்ததும் மயிலையிலே மிருதங்கம் முழங்கும், தியாகராயநகரிலே முழங்கும், அடையாற்றிலே முழங்கும். சபைகள் நிறையும், தலைகள் ஆடும், "தெய்வீக நாதம்" என்று நாக்குகள் தழுதழுக்கும். அந்த நாதம் எதிலிருந்து எழுகிறது? வேதத்திலிருந்தா? ஓமகுண்டத்திலிருந்தா? இல்லை, தோழர்களே! பசுவின் தோல், ஆட்டின் தோல், எருமையின் தோல் ஆகியவற்றை உரித்து, உலர்த்தி, அறுத்து, பலாக் கட்டையின்மீது இழுத்துக் கட்டிய உழைப்பாளியின் கையிலிருந்து எழுகிறது! தோல் மேடையேறிற்று; தோலைத் தொட்டவன் தெருவிலே நிற்கிறான். தோலுக்குத் தீட்டு இல்லை, தொட்ட கைக்குத் தீட்டு! இதற்குப் பெயர் சாத்திரமாம்!

"கச்சேரிக்கும் பல்கலைக் கழக ஆராய்ச்சிக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்கக்கூடும். தொடர்பு உண்டு, தலைகுனிய வைக்கும் தொடர்பு உண்டு.

வட்டமான தோலொன்றை ஒரே சீராக இழுத்துக் கட்டித் தட்டினால், எழும் அதிர்வுகளின் விகிதம் 1, 1.59, 2.14, 2.30 என்று முழு எண்களுக்குள் அடங்காமல் ஓடும் என்பது கணிதம் கூறும் உண்மை. அதிலே சுரம் பிறக்காது, இரைச்சல்தான் பிறக்கும். மிருதங்கத்திலோ 1, 2, 3, 4, 5 என்று சுரங்கள் வரிசை பிடித்து நிற்கின்றன. எப்படி? சர் சி.வி.ராமன் 1920இல் 'நேச்சர்' இதழிலும், 1934இல் விரிவான கட்டுரையிலும் விடை தந்தார். வலந்தலையின் நடுவே இருக்கும் கருஞ்சாதமே காரணம். சோற்றையும் கல்தூளையும் குழைத்து, நடுவிலே கனமாகவும் ஓரத்திலே மெல்லியதாகவும் அடுக்கடுக்காகப் பூசி, கல்லால் தேய்த்து, காதால் அளந்து, மீண்டும் பூசி, மீண்டும் தேய்த்து முடிக்கிறானே தொழிலாளி, அந்தப் பூச்சின் எடை, தோலின் 9 அதிர்வு முறைகளை 5 சுரங்களாகக் கூட்டிவைக்கிறது என்று காட்டினார் ராமன்.

ஏட்டிலே கணக்கு எழுதப்படுமுன்பே, கையிலே கணக்கு முடிந்திருந்தது! தோல் தொழிலாளி தரும் சோற்றை விலக்கிவைத்தது மனுநூல். அவன் கையால் சோறு வாங்கலாகாதாம். அவன் கையால் குழைத்துப் பூசிய சோற்றிலிருந்துதான் தெய்வீக நாதம் பிறக்கிறதாம்!

ராமனின் அறிவு மேதைமையை நாம் மதிக்கிறோம். ஆனால் 1922இல் அவர் எழுதிய கட்டுரைக்கு இட்ட தலைப்பைக் கேளுங்கள்: 'பண்டைய இந்துக்களின் ஒலியியல் அறிவு'! எந்த இந்துக்கள்? அதே 1922இலே கோயில் வாயிலைத் தாண்ட அனுமதிக்கப்படாதவர்களா? சாதிக் கொடுமை தாளாது சிலுவையைத் தேடிப் போயும் சாதி விட்டு வைக்காத தஞ்சைத் தரணியின் மிருதங்கத் தொழிலாளர்களா? அறிவுக்குப் பெருமை வந்தால் 'இந்து'. ஆலயத்துக்குள் வந்தால் 'பஞ்சமன்'! நல்ல நீதி! நயமான நீதி!

பாலக்காடு மணி அய்யருக்கு 1966இல் சங்கீத கலாநிதிப் பட்டம் கிடைத்தது. வித்துவானின் திறமைக்குக் கிடைத்த அந்தப் பட்டத்தை நாம் குறை கூறவில்லை. அவருடைய விரல்களுக்கேற்ற வாத்தியத்தைச் செய்து தந்த பர்லாந்தின் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்றுதான் கேட்கிறோம். அத்தகைய தொழிலாளர் குடும்பங்களின் வரலாற்றைப் பாடகர் டி.எம்.கிருஷ்ணா நூலாக எழுதினார். 2020 பிப்ரவரியில் அதனை வெளியிட அரங்கம் தர இசைந்திருந்த கலாக்ஷேத்ரா, கடைசி நேரத்தில் இசைவைத் திரும்பப் பெற்றது! தோலின் ஓசைக்கு அரங்கம் உண்டு. தோலின் வரலாற்றுக்கு இல்லை!

இனி, அடையாற்றுக்கு வாருங்கள். சர்தார் படேல் சாலையிலே நிற்கிறது, 1948இல் தொடங்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் தோலை ஊறவைத்தால் அது ஏன் அழுகுவதில்லை என்று அருந்ததியர் தெருவிலே யாரும் நூல் எழுதவில்லை. ஆனால் செய்துகாட்டினார்கள், தலைமுறை தலைமுறையாக! பட்டையிலுள்ள துவர்ப்புப் பொருள் தோலின் நாரோடு பிணைந்து, கிருமிகளின் வாயை அடைக்கிறது என்று வேதியியல் பின்னாளில் விளக்கிற்று.

அந்த நாரின் அமைப்பு என்ன? உலகத்து ஆராய்ச்சிக் கூடங்களெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த கேள்வி அது. 1952இல் சென்னைப் பல்கலைக் கழகத்துக்கு வந்த இளம் பேராசிரியர் ஜி.என்.ராமச்சந்திரன், கிண்டியிலே அதனைக் கையிலெடுத்தார். தேவைப்பட்ட நாரை அவருக்குத் தந்தது எது? மடமா? ஆசிரமமா? அடையாற்றுத் தோல் ஆராய்ச்சி நிறுவனம்! கங்காருவின் வாலிலிருந்து எடுத்த நார் அது. அதன்மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, வடிவ கணிதத்தால் ஆராய்ந்து, 1954இல் அவரும் கோபிநாத் கர்த்தாவும் உலகுக்கு அறிவித்தார்கள்: கொலாஜன் எனும் அந்தப் புரதம், மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட முப்புரி!

முப்புரி நூல் எங்கே இருக்கிறது என்று இப்போது தெரிகிறதா? தோளிலே அல்ல, தோலிலே! பசுவின் தோலிலே இருக்கிறது. எருமையின் தோலிலே இருக்கிறது. தோல் உரிப்பவன் உடம்பிலே இருக்கிறது. அவனைக் கண்டு ஒதுங்குபவன் உடம்பிலும் அதே முறுக்கோடு இருக்கிறது! உபநயனம் வேண்டாத முப்புரி. உயிர்கள் பலவற்றுக்கும் பொதுவான முப்புரி! சனாதனத்தின் கன்னத்திலே சென்னைப் பல்கலைக் கழகம் விட்ட அறை அல்லவா இது? கணிதமும், பொருளியல்பு ஆராய்ச்சியும், தோல் தொழிலும் ஒரே மேசையில் அமர்ந்ததால் வந்த வெற்றி அல்லவா?

ஆனால் மேசையிலே அமர்ந்தது தோல். தோல் தொழிலாளியின் பிள்ளைக்கு நாற்காலி எங்கே? மயிலாப்பூரிலே, அல்லாடி ராமகிருஷ்ணனின் இல்லத்தில் நடந்த அறிவியல் வகுப்புகள் வளர்ந்து, 1962இல் கணித அறிவியல் நிறுவனமாயிற்று. இன்று தரமணியிலே தலைநிமிர்ந்து நிற்கிறது. வளரட்டும், வாழ்த்துகிறோம்! எனினும், மத்தியக் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணிகளில் இட ஒதுக்கீட்டுக்கு 2019இல் சட்டம் வந்தபோது, சில நிறுவனங்களுக்கு மட்டும் விலக்களித்து ஓர் அட்டவணை இணைக்கப்பட்டது. ஓமி பாபா தேசிய நிறுவனமும் அதன் உறுப்பு நிறுவனங்களும் அந்த அட்டவணையில் உள்ளன. தரமணி நிறுவனமும் அவற்றுள் ஒன்று! காரணம் 'உயர்தரமாம்'! பெசல் என்ற செர்மானியரின் சமன்பாடு படிக்காமலே 5 சுரங்களை வரிசைப்படுத்தியவனின் பேரனுக்கு, வாய்ப்பளித்தால் கணிதம் வராதா? தரம் தாழ்ந்துவிடுமா? யாரிடம் காட்டுகிறீர்கள் இந்தப் பூச்சாண்டியை?

2020இல் ஒன்றியக் கல்வி அமைச்சகம் 'இந்திய அறிவு மரபு' என்று ஒரு பிரிவையே தொடங்கியிருக்கிறது. மரபை ஆராயட்டும், மறுக்கவில்லை. ஆனால் அறிவென்றால் சுலோகம் மட்டும்தானா? உலைக்களத்திலே எஃகு உருக்கியவன் அறிவு, ஊறல் தொட்டியிலே தோல் பதனிட்டவன் அறிவு எந்த மரபில் சேரும்? தொழில்நுட்ப வரலாறு என்பது கருவிகளின் பட்டியலன்று. கருவி செய்த கைகளின் வரலாறு. கையின் பெயரை அழித்துவிட்டு எழுதும் வரலாறு, ஆராய்ச்சியன்று, திருட்டு!

இளைஞனே! கிண்டியிலும் அடையாற்றிலும் பயிலும் பகுத்தறிவு வீரனே! சனாதனத்தை ஏசிவிட்டு ஓய்ந்துவிடாதே. அது சோம்பேறியின் சுயமரியாதை. கணிதம் கற்றுக்கொள். வேதியியல் கற்றுக்கொள். மிருதங்கப் பட்டறைக்குப் போ; பல்லாவரத்துக்கும், தோல் தொழிலாலேயே பெயர் பெற்ற குரோம்பேட்டைக்கும் போ. அங்கே முதியவர் கையிலே இருக்கும் அறிவை, அவர் பெயரோடு, அவர் சொல்லோடு எழுதிவை. அந்த ஏட்டைப் பல்கலைக் கழகத்தின் மேசையிலே வை, அவர் வீட்டுப் பிள்ளைக்கு அங்கே நாற்காலி கேள், கிடைக்கும்வரை எழுந்திராதே!

தோலைத் தொட்டால் தீட்டு என்றவர்களின் தோலிலேயே முப்புரியைக் கண்டது விஞ்ஞானம். அந்த விஞ்ஞானம் யாருக்கும் சீதனமல்ல. உழைத்தவனுக்கே உரிமை!