கை எறங்குனா கத்தியா, கட்டா?

தோள் மூட்டு விலகினா எங்க பக்கம் "கை எறங்கிருச்சு"ன்னு சொல்லுவோம். உடனே ஊர் ரெண்டா பிரிஞ்சிரும். ஒரு கூட்டம், கட்டுப் போட்டா சரியாயிரும்னு சொல்லும். இன்னொண்ணு, கோயம்புத்தூர் போய் ஆபரேஷன் பண்ணிக்கன்னு சொல்லும். ஆளுக்கு என்ன வயசு, இது எத்தனாவது தடவைன்னு ரெண்டு கூட்டமும் கேக்காது.

முதல்ல எக்ஸ்ரே எடுங்க. எலும்பு உடைஞ்சிருக்கிறது தெரியாம ஊர்ல கையைப் பிடிச்சு இழுத்தா உள்ளதும் கெடும்.

தோள் மூட்டுங்கிறது ஆழமில்லாத கிண்ணத்துல பந்து உட்கார்ந்த மாதிரி. விளிம்பைச் சுத்தி ஒரு வளையம் இருக்கு. பந்து முன்பக்கமா நழுவுறப்ப அது கிழியும். சின்ன வயசுப் பசங்களுக்கு மூட்டை ஏத்தி வெச்சாலும் மறுபடி எறங்க வாய்ப்பு அதிகம். நாப்பதைத் தாண்டினவங்களுக்கு அது குறைவு. முதல் தடவைன்னா பெரும்பாலும் தொட்டில் கட்டும் அப்புறம் பயிற்சியும் போதும். அந்தப் பயிற்சியைத்தான் இங்க யாரும் செய்யறதில்ல. மூணாம் நாளே கட்டை அவுத்துட்டு மம்பட்டியைப் பிடிச்சாத்தான் ஆம்பளை! ஆனா அந்த வயசுல தசைநார் அறுந்திருக்கவும் கூடும். வாரங்கள் கழிச்சும் கையைத் தூக்க முடியலைன்னா, வயசாயிருச்சுன்னு விட்டுடாம திரும்ப டாக்டரைப் பாக்கணும்.

பக்கத்துத் தோட்டத்துக்கு மரம் ஏற வர்ற பையனுக்கு 22 வயசு. மூணு தடவை எறங்கியாச்சு. கடைசி தடவை மரத்து மேலயே, மட்டை வெட்டக் கையை ஓங்கினப்ப. கையைத் தூக்கி வெளிப்பக்கமா திருப்புறப்பதான் மூட்டு சுலபமா நழுவும். அவன் பொழப்பே அதுலதான் ஓடுது. அவனுக்கு ஆபரேஷன்தான்ங்கிறது என் கட்சி. சின்னத் துளை போட்டு, கிழிஞ்ச வளையத்தை எலும்போட சேத்துத் தைக்கிறாங்க. ஆனா மறுபடி பாரமான வேலைக்குப் போக நாலஞ்சு மாசம், ஏன் ஆறு மாசம்கூட ஆகலாம். அதுவரைக்கும் வீட்டுக்கு அரிசி?

டவுன்ல இருக்கிறவங்க, "இவங்களுக்கு ஆஸ்பத்திரின்னா பயம்"னு சுலபமா சொல்லிருவீங்க. பயம் இல்லீங்க, கணக்கு. அடுத்த வெட்டு முடியட்டும்ங்கிறான். தென்னையில 45 நாளைக்கு ஒரு வெட்டு வந்துட்டேதான் இருக்கும்.

காய் எண்ண, லோடு கணக்கு எழுத எங்களுக்குக் கீழயும் ஆள் வேணும்தானே? அந்த மாசங்களுக்கு என் தோட்டத்துல தர்றேன்னு சொல்லியிருக்கேன். இன்னும் ரெண்டு தோட்டக்காரங்க சேந்தா அவன் கெளம்பிருவான். பேசிட்டிருக்கேன்.