பொழுது சாயும் முன் கொடுக்க வேண்டிய கூலி



சில வாரங்களுக்கு முன் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என்னிடம் வந்தார். மறுநாள் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் முன் ஓய்வூதியர் சங்கத்தின் ஆர்ப்பாட்டம். "சாமி, இந்த வயசுல கொடி பிடிச்சு நிக்கப் போறோம். 'உங்களுக்குத்தான் மாசம் பிறந்தா பென்சன் வருதே, இன்னும் என்ன ஆசை'ன்னு பக்கத்து வீட்டுல கேக்குறாங்க. நாங்க கேக்குறது பேராசையா?" என்றார். "இல்லை டீச்சர், போய் வாங்க" என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் அவர் கேட்டது, நாம் எல்லாரும் உட்கார்ந்து சிந்திக்க வேண்டிய கேள்வி.

முதலில் அவர்கள் கேட்பது என்ன என்று பார்ப்போம். 80 வயதில் கிடைக்கத் தொடங்கும் கூடுதல் ஓய்வூதியத்தை 70 வயதிலேயே 10 விழுக்காடாகத் தொடங்க வேண்டும் என்கிறார்கள். 2017 ஊதியத் திருத்தத்தில் மாதம் 300 ரூபாய் என ஆன மருத்துவப்படியை உயர்த்தக் கேட்கிறார்கள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை வாங்குபவர்களுக்கு அந்த 300 ரூபாய் எத்தனை நாளைக்கு வரும் என்பது நமக்குத் தெரியும். மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திற்காக அவர்களது ஓய்வூதியத்திலிருந்து மாதந்தோறும் பணம் பிடிக்கப்படுகிறது. 2022 ஜூலையில் தொடங்கிய கட்டத்தில் நான்கு ஆண்டுகளுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்று சொல்லப்பட்டது. ஆனால் அட்டையை நீட்டினால் முன்பணம் கேட்கிறார்கள். நம் பங்கில் ஒரு பெரியவரின் இதய சிகிச்சைக்காக அவர் மனைவி தாலிச் சங்கிலியை அடகு வைத்தார். செலவில் பாதிகூட பிறகு திரும்பி வரவில்லை.

போக்குவரத்துக் கழகங்களில் ஓய்வு பெற்றவர்களின் துயரம் இன்னும் பெரிது. 2015க்குப் பிறகு பல ஆண்டுகள் அவர்களுக்கு அகவிலைப்படி உயர்த்தப்படவே இல்லை. அரிசி விலை ஏறியது, மருந்து விலை ஏறியது, ஓய்வூதியம் அப்படியே நின்றது. 2024 சனவரியில் நடந்த பேருந்து வேலைநிறுத்தத்தின் முக்கியக் கோரிக்கைகளில் இதுவும் ஒன்று.

2003 ஏப்ரல் 1க்குப் பின் தமிழக அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியமே இல்லை என்றானது. பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சம்பளத்தில் 10 விழுக்காடு பிடித்து, அரசும் அதே அளவு போட்டு, ஓய்வு பெறும்போது மொத்தமாக ஒரு தொகை கொடுத்தார்கள். மாதாமாதம் வரும் பணம் கிடையாது. நீண்ட போராட்டத்திற்குப் பின், 2026 சனவரியில், கடைசி அடிப்படை ஊதியத்தில் பாதியை ஓய்வூதியமாக உறுதி செய்யும் திட்டத்தைத் தமிழக அரசு அறிவித்தது. மத்திய அரசும் 25 ஆண்டுகள் பணி செய்தவர்களுக்கு அது போன்ற உறுதியை 2025 ஏப்ரல் முதல் அளிக்கிறது. வயதான காலத்தைச் சந்தையின் ஏற்ற இறக்கத்திடம் விட்டுவிட முடியாது என்பதை அரசுகளே ஒப்புக்கொண்டதாகவே இதைக் கொள்ளலாம்.

ஓய்வூதியம் அரசு இரக்கப்பட்டுக் கொடுக்கும் தருமமா? 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லிவிட்டது. ஓய்வூதியம் கொடையல்ல, செய்த பணிக்கான உரிமை. ஒரு தேதியைக் காட்டி, அதற்கு முன் ஓய்வு பெற்றவர், பின் ஓய்வு பெற்றவர் என்று பாகுபாடு செய்யக்கூடாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். அதனால்தான் டிசம்பர் 17ஐ ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

திருச்சபையின் போதனையும் இதுவே. திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் ரேரும் நோவாரும் திருமடலில் தொழிலாளரின் நீதியான கூலிக்காகக் குரல் கொடுத்தார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் எழுதிய லாபோரெம் எக்செர்சென்ஸ் திருமடலில் இன்னும் ஒரு படி மேலே சென்றார். முதுமைக்கான ஓய்வூதியமும், குறைந்த செலவிலோ இலவசமாகவோ கிடைக்கும் மருத்துவமும் தொழிலாளரின் உரிமைகள் என்று அதன் 19ஆம் எண்ணில் கற்பித்தார். விவிலியமும் இதற்கு அடித்தளம் இடுகிறது. ஏழைக் கூலியாளின் கூலியைக் கதிரவன் மறையும் முன்பே கொடுத்துவிட வேண்டும் என்று இணைச்சட்டம் (24:14-15) கட்டளையிடுகிறது. பிடித்து வைக்கப்பட்ட கூலி ஆண்டவரின் செவிகளுக்கு எட்டும் வரை கூக்குரலிடுகிறது என்று புனித யாக்கோபு (5:4) எச்சரிக்கிறார். ஓய்வூதியமும் கூலிதான். முப்பது ஆண்டுகள் உழைத்தபோது ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, வாழ்வின் பொழுது சாயும் வேளையில் கொடுப்பதாக வாக்களிக்கப்பட்ட கூலி அது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அரசின் வருவாயில் பெரும் பங்கு சம்பளத்திற்கும் ஓய்வூதியத்திற்கும் போகிறது என்பது உண்மை. நம் ஊரில் வயல் வேலை செய்து முதிர்ந்த தாய்க்கு, 2023 ஆகஸ்டில் உயர்த்தப்பட்ட பிறகும் முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய்தான். அதிலும் 80 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மத்திய அரசின் பங்கு வெறும் 200 ரூபாய். நம் பிள்ளைகளுக்குச் சோறு ஆக்கிப் போட்ட சத்துணவுப் பணியாளர்களின் சிறப்பு ஓய்வூதியம் நெடுங்காலம் மாதம் 2,000 ரூபாயாகவே இருந்தது. பக்கத்து வீட்டார் கோபப்படுவது இதை நினைத்துத்தான். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் டீச்சரின் ஓய்வூதியத்தைக் குறைத்தால் அந்தத் தாயின் 1,200 கூடிவிடுமா? கூடாது. கீழே இருப்பவரை மேலே தூக்கிவிடுவதுதான் நீதி. ஆகவே என் வேண்டுகோள் சங்கத்தில் இருக்கும் உங்களுக்கும் சேர்த்துத்தான். உங்கள் கோரிக்கைப் பட்டியலில் அந்த 1,200 ரூபாய்த் தாயின் பெயரையும் சேருங்கள். அப்போது உங்கள் குரலைப் பேராசை என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைச் சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. அரசு உதவி பெறும் நம் கத்தோலிக்கப் பள்ளிகளில் பணியாற்றிய பலர் அரசின் ஓய்வூதியம் பெறுகிறார்கள். ஆனால் நம் ஆலயத்தில் மணியடித்து, பீடம் ஒழுங்கு செய்து, பங்குச்சாமி இல்லாத நாளில் செபமாலை சொல்லி மக்களைக் கூட்டி வைத்த உபதேசியார் முதுமையில் என்ன பெறுகிறார்? பங்கு இல்லத்தில் இருபது ஆண்டுகள் சமைத்த அம்மாவுக்கு என்ன கொடுத்து அனுப்பினோம்? ஒரு சேலையும், ஒரு பொன்னாடையும், கொஞ்சம் கைதட்டலும். அரசைப் பார்த்து நீதி கேட்கும் திருச்சபை, தன் வீட்டுக் கணக்கையும் திறந்து பார்க்க வேண்டும்.

ஆகவே நம் பங்கில் மூன்று காரியங்களைச் செய்வோம். முதலாவதாக, காப்பீட்டுப் படிவம், கருவூல நேர்காணல், குடும்ப ஓய்வூதிய விண்ணப்பம் இவற்றுக்குத் தடுமாறும் முதியோருக்கு, நம் இளையோர் மாதம் ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் உதவட்டும். இரண்டாவதாக, பங்கில் ஊதியம் பெறும் ஒவ்வொருவருக்கும் வருங்கால வைப்பு நிதியோ, அதற்கு இணையான சேமிப்போ போடப்படுகிறதா என்பதைப் பங்குப் பேரவை அடுத்த கூட்டத்திலேயே விசாரிக்கட்டும். கேள்வி முதலில் என்னை நோக்கி வரட்டும். மூன்றாவதாக, சூலை நான்காம் ஞாயிறன்று தாத்தா பாட்டியர் மற்றும் முதியோர் நாளில் அவர்களுக்குப் பூங்கொத்து கொடுப்பதோடு நின்றுவிடாமல், அவர்களின் கோரிக்கை மனுவில் நாமும் கையெழுத்திடுவோம்.

வயது முதிர்ந்த தந்தைக்குத் துணையாக இருக்கச் சொல்கிறது சீராக் நூலின் 3ஆம் அதிகாரம். அந்தக் கட்டளை வீட்டுக்கு மட்டுமல்ல, நாட்டுக்கும் திருச்சபைக்கும் உரியது. ஆர்ப்பாட்டம் முடிந்து திரும்பிய டீச்சர், மறுநாள் காலைத் திருப்பலிக்கும் வந்திருந்தார். தொண்டை கட்டியிருந்தது. நற்கருணை வாங்கும்போது அவர் சொன்ன "ஆமென்" எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஆண்டவருக்குக் கேட்டிருக்கும். நமக்கும் கேட்கட்டும்.

இறையாசீர் உங்கள் அனைவரோடும் இருப்பதாக.