ஞாபகம் உள்ள கருவி நல்லதா? இல்லாதது நல்லதா?

மேடையில் கூட்டம் காத்திருக்கிறது. ஒரு பாட்டு முடிந்துவிட்டது. அடுத்த பாட்டு தொடங்கவேண்டும்.

ஆனால் கருவி வாசிப்பவர் இன்னும் திருகுகளைத் திருகிக்கொண்டிருக்கிறார். முதல் பாட்டுக்கு ஒரு விதமான ஓசை. இந்தப் பாட்டுக்கு வேறு விதம். அதற்குத்தான் இத்தனை பாடு!

"சிந்தசைசர்" என்ற மின்சார இசைக் கருவியை வாசித்தவர்கள் ஒரு காலத்தில் இப்படித்தான் அவதிப்பட்டார்கள்.

அது என்ன கருவி?

ஆர்மோனியத்தைப் போல அதிலும் கட்டைகள் உண்டு. ஆனால் துருத்தி கிடையாது. கருவிக்குள்ளே மின்சாரம் அலை அலையாக ஓடுகிறது. அந்த அலைதான் ஒலிபெருக்கி வழியே ஓசையாக வெளிவருகிறது. அலையின் வேகம் கூடினால் சுருதி ஏறும். குறைந்தால் இறங்கும். இந்த முறைக்கு "அனலாக்" என்று பெயர்.

அமெரிக்காவைச் சேர்ந்த ராபர்ட் மூக், 1964-ம் ஆண்டில் இப்படி ஒரு கருவியை உருவாக்கினார். 1970-ல் அவருடைய கம்பெனி "மினிமூக்" என்ற சிறிய கருவியை வெளியிட்டது. அதன் கனமான ஓசை பலரை மயக்கியது.

ஆனால் குறைகளும் இருந்தன. ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வாசிக்கலாம். சூடு ஏறினால் சுருதி நகர்ந்துவிடும். கருவிக்கு ஞாபகமும் கிடையாது. நல்ல ஓசை ஒன்று கிடைத்தால், எந்தத் திருகு எங்கே நின்றது என்று காகிதத்தில் குறித்து வைக்கவேண்டும்!

கம்ப்யூட்டர் புகுந்தது

1978-ல் டேவ் ஸ்மித் என்ற அமெரிக்கர் "பிராபெட்-5" என்ற கருவியைக் கொண்டுவந்தார். உள்ளே ஒரு சின்னஞ்சிறு கம்ப்யூட்டர். 5 சுரங்களை ஒன்றாக வாசிக்கலாம். 40 ஓசைகளை அது நினைவில் வைத்துக்கொள்ளும். பொத்தானை அழுத்தினால் போதும். வேண்டிய ஓசை வந்து நிற்கும். சுருதியையும் தானே சரிசெய்துகொள்ளும்.

1982-ல் ஜப்பானின் ரோலண்டு கம்பெனி, "ஜூனோ-6", "ஜூனோ-60" என்ற இரண்டு கருவிகளை வெளியிட்டது. இரண்டிலும் சுருதியைக் கம்ப்யூட்டர் முறையே காவல் காத்தது. ஆனால் ஜூனோ-6 எதையும் நினைவில் வைக்காது. ஜூனோ-60, 56 ஓசைகளை நினைவில் வைக்கும். குரலோ இரண்டுக்கும் ஒன்றுதான்!

உயிர் போய்விட்டதா?

"கம்ப்யூட்டர் புகுந்ததும் ஓசையில் உயிர் போய்விட்டது" என்று சிலர் குறைப்படுகிறார்கள்.

இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இரண்டு அலைகள் இம்மியளவு விலகி ஓடும்போது, ஓசையில் ஓர் அசைவு பிறக்கிறது. காதுக்கு அது இதமாக இருக்கும். எல்லா அலைகளையும் ஒரே கடிகாரத்தில் கட்டிவிட்டால் அந்த அசைவு குறைகிறது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இந்தக் கருவிகளில் பாடுவது மின்சார அலைதான். கம்ப்யூட்டர் வெறும் கணக்குப்பிள்ளை. கணக்குப்பிள்ளை வந்ததால் பாடகரின் குரல் கெட்டுவிடுமா?

எதை வாங்கலாம்?

மேடையில் வாசித்துப் பிழைப்பவருக்கு ஞாபகம் உள்ள கருவியே நல்லது. சுருதி தவறினால் கூட்டம் மன்னிக்காது. பழைய கருவி என்ற பெயருக்காகக் கடன் வாங்கிப் பணத்தைக் கொட்டவேண்டியதில்லை.

புதிதாகக் கற்பவருக்கு ஞாபகம் இல்லாத கருவி நல்ல ஆசான். தானே திருகி, தானே கேட்டு, தானே ஓசையைக் கண்டுபிடிக்கவேண்டும். அதனால் காது பழகும். பொத்தானை அழுத்தியே பழகியவருக்கு அந்தப் பயிற்சி எளிதில் கிடைக்காது.

இன்னொரு விஷயம். பழைய கருவிகளின் ஞாபகம், உள்ளே இருக்கும் ஒரு சிறு பாட்டரியை நம்பி இருக்கிறது. பாட்டரி தீர்ந்தால் சேர்த்து வைத்த ஓசைகள் எல்லாம் போய்விடும்.

காது கற்றுக்கொண்டதோ போகாது. கருவிக்கு ஞாபகம் இருக்கட்டும். வாசிப்பவருக்கும் இருக்கவேண்டும்!