வெளியே காத்திருந்தவனுக்கும் அதே தண்டனையா?

கொள்ளையடிக்கப் போன இடத்தில் ஓர் உயிர் பறிபோய், இளைஞர்கள் கூட்டாகக் கைதாகும்போது, அவர்களின் வீடுகளில் முதலில் எழும் ஆறுதல், எங்கள் பையன் குத்தவில்லை, வெளியே மோட்டார் சைக்கிளில்தான் உட்கார்ந்திருந்தான் என்பது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நீதிமன்றம் அந்த இடத்தில் நின்றுவிடுவதில்லை. கத்தி இருப்பது அவனுக்குத் தெரியுமா, எதிர்த்தால் அதைப் பயன்படுத்துவார்கள் என்று அறிந்தே கூடப் போனானா என்றுதான் அது கேட்கும்.

மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 34ஆவது பிரிவு, பொது நோக்கத்தோடு பலர் சேர்ந்து செய்த செயலுக்கு ஒவ்வொருவரையும் தனியே செய்தவராகவே கருதுகிறது. 396ஆவது பிரிவு இன்னும் கடுமையானது. கும்பல் கொள்ளையின்போது ஒருவர் கொலை செய்தால், கும்பலில் இருந்த அனைவருமே மரண தண்டனை வரை போகக்கூடிய குற்றத்திற்கு ஆளாகிறார்கள். இந்தியாவில் கும்பல் கொள்ளைக்கு ஐந்து பேர் வேண்டும். இங்கே இரண்டு பேரே போதும். ஒரு மோட்டார் சைக்கிளில் போகிறவர்களே ஒரு கும்பல்தான்!

இந்தச் சிந்தனை பழையது. 1923இல் கல்கத்தாவில் ஓர் அஞ்சலகத்தில் பணம் கேட்டுப் புகுந்தவர்கள் அஞ்சல் அதிகாரியைச் சுட்டுக் கொன்றனர். தாம் வெளியேதான் நின்றதாக பரேந்திர குமார் கோஷ் வாதிட்டார். லண்டன் பிரிவி கவுன்சில் அதை ஏற்கவில்லை. நம் தண்டனைச் சட்டமும் அதே இந்தியச் சட்டத்தின் வழி வந்தது என்பதால், அந்தத் தீர்ப்பு இங்கேயும் பேசப்படுகிறது.

அதற்காக, கூட இருந்த எல்லாருக்கும் ஒரே தீர்ப்புதான் என்றும் முடிவு கட்ட முடியாது. சரவாக்கைச் சேர்ந்த கோ ஜாபிங், காலிங் அனாக் குஜாட் ஆகிய இருவர் 2008 பிப்ரவரியில் சிங்கப்பூர் கேலாங்கில் இரண்டு கட்டுமானத் தொழிலாளர்களிடம் கொள்ளையடித்தனர். கோ கையிலெடுத்தது, வழியில் கிடந்த ஒரு மரக்கிளை. தலையில் அடிபட்ட ஒருவர் ஆறு நாளில் இறந்தார். பறித்த கைப்பேசி 300 சிங்கப்பூர் வெள்ளிக்கு விலைபோனது. இருவரும் கொலைக் குற்றவாளிகள் என்றது உயர் நீதிமன்றம். 2011இல் மேல் முறையீட்டு நீதிமன்றம் காலிங்கின் தீர்ப்பை மாற்றி, காயம் விளைவித்த கொள்ளை என்றது. அவருக்குப் பதினெட்டரை ஆண்டு சிறையும் 19 பிரம்படிகளும் கிடைத்தன.

கோவின் வழக்கு அதோடு முடியவில்லை. சில வகைக் கொலைகளுக்குக் கட்டாய மரண தண்டனையை சிங்கப்பூர் தளர்த்தியதும், 2013இல் அவருக்கு ஆயுள் தண்டனையும் 24 பிரம்படிகளும் விதிக்கப்பட்டன. அரசுத் தரப்பு மேல் முறையீடு செய்தது. உயிரைத் துச்சமாக மதித்துச் செயல்பட்டாரா என்ற அளவுகோலை வைத்து, 2015இல் ஐந்து நீதிபதிகளில் மூவர் மரண தண்டனையை மீட்டனர். எத்தனை முறை அடித்தார் என்பதில் மற்ற இருவருக்குச் சந்தேகம் இருந்தது. 2016 மே 20ஆம் தேதி அவர் தூக்கிலிடப்பட்டார். ஓர் அடி கூடுதலா குறைவா என்பதில் ஓர் உயிர் தொங்கியது.

2023 ஜூலை 4ஆம் தேதி முதல் மலேசியாவிலும் கட்டாய மரண தண்டனை இல்லை. கொலைக் குற்றம் நிரூபிக்கப்பட்டால், தூக்கு, அல்லது 30 முதல் 40 ஆண்டு சிறையுடன் குறைந்தது 12 பிரம்படிகள். எதை விதிப்பது என்பது நீதிபதியின் முடிவு. குற்றம் நடந்தபோது 18 வயது நிறையாதவருக்குத் தூக்கு கிடையாது. சிங்கப்பூர்த் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும், யார் எதை அறிந்திருந்தார், எப்படித் தாக்கினார் என்ற கேள்விகள் ஷா ஆலமிலும் கோலாலம்பூரிலும் இனி இரண்டு முறை வரும்: குற்றவாளியா என்று முடிவு செய்யும்போது ஒருமுறை, தண்டனையை அளக்கும்போது மறுமுறை. முன்பு, கொலைக் குற்றம் உறுதியானதும் தண்டனை பற்றிப் பேச ஒன்றும் இருந்ததில்லை. இப்போது, வயது, பின்னணி, கும்பலில் வகித்த பங்கு எல்லாவற்றையும் வழக்கறிஞரிடம் குடும்பத்தார் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

இழந்தவர் பக்கமும் ஒன்று கவனிக்கப்படுவதில்லை. தண்டனை விதிக்கப்படும் முன், இறந்தவரின் குடும்பத்தார் தங்களுக்கு நேர்ந்த பாதிப்பை நீதிமன்றத்தில் எடுத்துரைக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. அதைக் கேட்டுப் பெற வேண்டும். அரசுத் தரப்பு வழக்கறிஞரை அவர்கள் அணுக வேண்டிய நேரம், தீர்ப்பு நாளுக்கு முன்பே.