கல்லுக்கு முன்னே தோல்வார்

தாத்தாவின் சவரக் கத்தி ஒன்று வீட்டு அலமாரியில் கிடக்கிறது என்று சொல்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். தோட்டத்தில் முடி திருத்தியவர், பட்டணத்தில் கடை வைத்திருந்தவர், வேட்டி மடிப்பில் கண்ணாடியைச் செருகிக்கொண்டு தானே சவரம் செய்துகொண்டவர் என யாரோ ஒருவர் விட்டுப்போனது. பேரன்களுக்கு அதை மறுபடியும் பயன்படுத்த ஆசை. நல்ல ஆசைதான். இன்றைய முடிதிருத்தும் நிலையங்களில் பாதி பிளேடைச் செருகும் கத்திதான் இருக்கிறது. ஒருவருக்குச் சவரம் முடிந்ததும் பிளேடை எறிந்துவிடலாம், சுகாதாரத்துக்கும் அதுவே சரி. ஆனால் அதனாலேயே, மடக்குக் கத்தியைத் தீட்டத் தெரிந்த கைகள் குறைந்துபோயின.

அதனால் பேரன் என்ன செய்கிறான்? சந்தையில் சமையல் கத்திக்குச் சாணை பிடிப்பவரிடம் கொண்டுபோகிறான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சவரக் கத்தியின் இரு பக்கமும் குழிவாகக் கடையப்பட்டவை. விளிம்பை நெருங்க நெருங்க எஃகு தாள்போல மெலிகிறது. சுழலும் சக்கரத்தில் அந்த மெல்லிய பகுதி நொடியில் சூடேறி நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது என்று பொருள். பிறகு எந்தக் கல்லில் தீட்டினாலும் அந்த இடத்தில் கூர் நிற்காது. ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துப் பழைய கத்தியாக இருந்தாலும் கதை அதோடு முடிந்தது.

இந்தக் கத்தியைக் கையால், தட்டையான கல்லில்தான் தீட்ட வேண்டும். பயப்பட வேண்டாம். சமையல் கத்திக்கு எந்தக் கோணத்தில் பிடிப்பது என்று கை பழக வேண்டும். சவரக் கத்திக்கு அந்தக் கவலை இல்லை. அதன் தடித்த முதுகையும் விளிம்பையும் ஒருசேரக் கல்லின்மேல் படுக்க வைத்தால் போதும், கோணம் தானாக அமைந்துவிடும். செய்தவனே கணக்கைக் கத்திக்குள் வைத்துவிட்டான். முதுகைத் தூக்காமல் இருப்பதுதான் நம் வேலை.

அடுத்து, என்ன கல் வாங்குவது என்ற கேள்வி. இங்கேதான் பலருடைய பணப்பை ஓட்டையாகிறது. கல்லின் கரகரப்பை கிரிட் எண்ணால் சொல்வார்கள். எண் கூடக்கூடக் கல் மென்மை. 1000 கிரிட் கல் விளிம்பின் இருபுறச் சரிவையும் சந்திக்க வைக்கும். 4000, 8000 வரை போனால் 1000 விட்ட கீறல்கள் மறையும். 12000 மெருகேற்றும். ஒரே எண் எல்லாத் தயாரிப்பாளருக்கும் ஒரே அளவல்ல என்பதால், பெட்டியில் மைக்ரான் அளவு போட்டிருந்தால் அதை நம்புவது நல்லது.

புதிதாக இறங்குபவர்கள் மெருகேற்றும் கல்லில்தான் மயங்குகிறார்கள். பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப் பகுதியில், வீல்சாம் ஊர்ப்பக்கம் கிடைக்கும் மஞ்சள் நிற கோட்டிகுல் கல்லைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். உள்ளே நுண்ணிய கார்னெட் மணிகள் இருக்கின்றன. நகைக்கடையில் கோமேதகம் என்று விற்கும் கல்லில் ஒரு வகைக்கு அது உறவுக்காரன். அந்த மணிகள்தான் எஃகைத் தேய்க்கின்றன. ஜப்பானில் கியோட்டோ மலைகளில் தோண்டிய இயற்கைக் கல்லுக்கு இன்னும் பெரிய மவுசு. அங்கே பெரும்பாலான சுரங்கங்கள் மூடிவிட்டதால் விலையும் அதற்கேற்றபடி. ஆனால் இயற்கைக் கல்லுக்கு எண் கிடையாது, ஒரு கல்போல இன்னொன்று இருக்காது. கூர் வரவில்லை என்றால் குறை கல்லிலா கையிலா என்று புதியவருக்குத் தெரியாது. என்னைக் கேட்டால் முதல் கல் செயற்கைக் கல்லாகவே இருக்கட்டும். ஒரு பக்கம் 4000, மறுபக்கம் 8000 கிரிட் உள்ள இரட்டைக் கல் ஒன்று பல ஆண்டுகளுக்குப் போதும்.

அப்படியானால் 1000 கிரிட் வேண்டாமா? தாத்தாவின் கத்தியில் துருப்பள்ளமோ பல்லோ விழுந்திருந்தால் கட்டாயம் வேண்டும். உண்மையில் கூர் பிறப்பதே அந்தக் கல்லில்தான். விளிம்பின் முழு நீளத்திலும் இரு சரிவுகளும் ஒன்றையொன்று தொடாத வரை, 12000 கிரிட்டில் நாள் முழுக்கத் தேய்த்தாலும் பளபளப்புத்தான் வரும், சவரம் வராது. தொட்டுவிட்டதா என்று பார்க்க எளிய வழி, முன்கை முடி. கத்தியின் அடி, நடு, நுனி மூன்று இடத்திலும் அது தோலை ஒட்டி முடியை எடுக்க வேண்டும். ஒரே இடத்தில் மட்டும் எடுத்தால் இன்னும் 1000 கிரிட்டை விட்டு நகரக்கூடாது. ஒன்றை நினைவில் வையுங்கள், ஒவ்வொரு தீட்டலிலும் எஃகு குறைகிறது. முன்னோர் விட்டுப்போன கத்தியில் பழகிப் பார்க்க வேண்டாம். முதல் முறை தெரிந்தவரிடம் கொடுத்துச் சரிவைச் சரிசெய்து வாங்குங்கள், அல்லது பழைய மலிவுக் கத்தி ஒன்றை வாங்கி அதில் கை பழகுங்கள்.

எந்தக் கல்லானாலும் தட்டையாக இருக்க வேண்டும். புதுக்கல்லும் விதிவிலக்கல்ல. பென்சிலால் கல்லின்மேல் கட்டம் கட்டமாகக் கோடு போடுங்கள். தடித்த கண்ணாடியின்மேல் நீர்த்தாளை ஒட்டி, தண்ணீர் விட்டுக் கல்லைத் தேயுங்கள். கோடு எல்லா இடத்திலும் அழிந்தால் கல் தட்டை. நடுவில் மட்டும் கோடு மிஞ்சினால் அங்கே பள்ளம்.

இவ்வளவு சொன்ன பிறகும், கையில் இருக்கும் முதல் நூறு ரிங்கிட்டை நான் கல்லில் போடச் சொல்லமாட்டேன். தோல்வாரில் போடுங்கள். நன்றாகத் தீட்டிய கத்தியைக் கல்லுக்குக் கொண்டுபோவது சில மாதங்களுக்கு ஒருமுறை. வாருக்குக் கொண்டுபோவது ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால். நம் தாடி எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது. ஆனாலும் அது கத்தியைக் கெடுக்கிறது. எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் சவர பிளேடுகளை மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, 2020இல் 'சயன்ஸ்' ஆய்விதழில் காரணத்தை எழுதினார்கள். வெட்டுப்படும் முடி வளைகிறது. எஃகின் உள்ளமைப்பு எல்லா இடத்திலும் சீராக இல்லை. இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் விளிம்பு நுணுக்கமாகச் சிதறுகிறது. ஒவ்வொரு காலையும் நடக்கும் இந்தச் சிறு சேதத்தை வார் ஓரளவு சீர்செய்து, கல்லுக்குப் போகும் நாளைத் தள்ளிப்போடுகிறது.

வாரின் அகலம் 3 அங்குலம் இருந்தால் கத்தி முழுதும் ஒரே இழுப்பில் படியும். குறுகிய வாரில் குறுக்காக இழுக்கப் பழக வேண்டும். தோல் மாடா, எருமையா, குதிரையா என்பது பெரும்பாலும் ரசனை. குதிரைத் தோல் வழுக்கும், மாட்டுத்தோல் சற்றுப் பிடிக்கும். மாட்டுத்தோல் வீட்டில் வேண்டாம் என்று அம்மா சொன்னால் எருமைத் தோலிலும் கிடைக்கிறது, வீட்டில் சண்டை வேண்டாம். பின்பக்கம் துணிப்பட்டை சேர்ந்த வாராகப் பாருங்கள். முதலில் துணியில் இருபது முப்பது இழுப்பு, பிறகு தோலில் ஐம்பது. கல்லில் விளிம்பு முன்னே போகும், வாரில் முதுகு முன்னே போகும். திருப்பும்போது முதுகின்மேல் உருட்ட வேண்டும், விளிம்பின்மேல் உருட்டினால் தோல் அறுந்துவிடும். முதல் சில வாரங்களில் ஓரிரு வெட்டு விழத்தான் செய்யும். அதனால் முதல் வார் விலை குறைந்ததாக இருக்கட்டும், கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி.

தொங்கும் வாரைத் தளர்வாகப் பிடித்தால் தோல் வளைந்து விளிம்பை மழுக்கும். இழுத்துப் பிடிக்க வராதவர்களுக்கு மரப்பலகையில் தோல் ஒட்டிய வகை உண்டு. ஒலிவாங்கிக்கு முன்னால் பிழைப்பு நடத்துபவன் என்பதால் சொல்கிறேன், கண்ணைவிடக் காதை நம்புங்கள். கத்தி படிந்து போகும்போது சத்தம் ஒரே சீராக வரும். முதுகு தூக்கினால் அது உடனே மாறும்.

சிலர் பச்சை நிற குரோமியம் ஆக்சைடு பசையைத் தோலில் பூசச் சொல்வார்கள். அரை மைக்ரான் துகள் அது, வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அன்றாடம் இழுக்கும் தோலில் பூசிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. தனியாக ஒரு பலகையில் வைத்து எப்போதாவது பத்து இழுப்பு போதும். தினமும் பசையில் இழுத்தால் விளிம்பு உருண்டுவிடும்.

நம் ஊர் ஈரத்துக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய கத்திகள் கார்பன் எஃகு, குளியலறையில் வைத்தால் ஒரே இரவில் துரு பிடிக்கும். அங்கே தொங்கும் வாரில் பூஞ்சை பூக்கும். இரண்டையும் படுக்கையறைக்கு மாற்றுங்கள். சவரம் முடிந்ததும் கத்தியைத் துடைத்து, விளிம்பின்மேல் ஒரு துளி பேபி ஆயில் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசுபிசுக்கும். காலணிப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைக் குப்பையில் போடாமல் கத்திப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். மறுநாள் வாரில் இழுப்பதற்கு முன்னால் எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அது தோலுக்குள் இறங்கிவிடும்.